கண்டும் கேளாத கண்: ஆளில்லாப் போர் விமானமும் விளையாட்டுத் திரையும்

ஆளில்லாப் போர் விமானங்களைப்பற்றி நம் பிரசங்க பீடங்களிலிருந்து பேசப்படுவன எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. பல்லாயிரம் கல் தொலைவில், குளிரூட்டப்பெற்ற அறையில் அமர்ந்து, திரையைப் பார்த்துப் பிடியை அசைத்து மனிதரைக் கொல்லுகிறவனுக்குக் கொலை விளையாட்டாகிவிடுகிறது. தொலைவு அவன் மனச்சான்றை மரத்துப்போகச் செய்கிறது. ஆகையால் இளைஞர்கள் கைப்பேசி விளையாட்டுகளைவிட்டு விலகவேண்டும் என்பதே அந்த முடிவு. இதனைக் குறைகூற எனக்கு ஒரு தகுதி உண்டு. நானே அவ்வாறு பிரசங்கித்தவன்.

இராசபாளையத்திற்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் குவாரிகளும் அரசுச் சிமெண்டு ஆலையும் அமைந்த கரிசல் பூமி ஆலங்குளம். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபொழுது, இரு நாடுகளும் ஆளில்லா விமானங்களைப் பெருமளவில் ஏவின. அந்நாள்களில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. இரவு வானம், கோடுகோடாகச் சீறும் குண்டுகள், எரிந்து விழும் ஒரு விமானம். அதனைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் வாலிபர் மட்டுமல்லர். சபையின் பெரியவர் சிலரும் தங்கள் உறவினருக்கு அனுப்பி வைத்தனர். அது போர்க்களக் காட்சி அன்று. ‘ஆர்மா 3’ என்னும் கணினி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தகைய காட்சிகள் பல அப்பொழுது மெய்யானவையெனப் பரவின. நம் நடுவண் அரசின் செய்தித்துறையே அவை பொய்யென எச்சரிக்க நேர்ந்தது. பாகிஸ்தான் அரசின் சமூக ஊடகக் கணக்கும் அதே விளையாட்டின் துண்டொன்றைத் தன் படையின் வெற்றியாகப் பகிர்ந்தது. மே 11ஆம் நாள் ஞாயிறன்று இதனை முன்வைத்தே போர் விளையாட்டாகிவிட்டது என்று முழங்கினேன். பிரசங்கம் நன்றாக இருந்தது என்றார்கள். அது பாதி உண்மைதான் என்பதைச் சில வாரங்களுக்குப் பின்னர் ஓர் அம்மையார் எனக்குக் காட்டினார். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில், அக்குற்றச்சாட்டில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். போரையும் திரை விளையாட்டையும் இணைத்துப் பேசுதல் புதிதன்று. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், குறுக்குக்கோட்டின் நடுவே கட்டடம் ஒன்று ஒலியின்றி வெடித்துச் சிதறுவதைத் தொலைக்காட்சியில் கண்ட மேலைநாட்டார் அதற்கு ஜப்பானிய விளையாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரையே சூட்டி, ‘நின்டெண்டோ போர்’ என்றனர். சட்டத்திற்குப் புறம்பான கொலைகளை ஆராய ஐக்கிய நாடுகள் அமைப்பு நியமித்திருந்த பிலிப் ஆல்ஸ்டன், 2010இல் மனித உரிமை மன்றத்திற்கு அளித்த அறிக்கையில், ஆளில்லா விமானத்தை இயக்குவோரிடையே ‘பிளேஸ்டேஷன்’ மனப்பான்மை வளரும் இடர் உண்டு என எச்சரித்தார். 2013இல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து திரும்பிய பிரித்தானிய இளவரசர் ஹாரி, தாம் ஹெலிகாப்டரின் ஆயுதங்களை இயக்கியதைப்பற்றிப் பேசுகையில், அத்தகைய விளையாட்டுகளில் பழகிய கட்டைவிரல் தமக்குப் பயன்பட்டதாகக் கூறிப் பலருடைய கண்டனத்திற்கு ஆளானார்.

இணைப்பு வெறும் உவமையளவில் நின்றுவிடவில்லை. அமெரிக்கத் தரைப்படை தன் பெயரிலேயே ஒரு கணினி விளையாட்டினை 2002 ஜூலை 4இல் இலவசமாக வெளியிட்டு, ஆள்சேர்ப்புக்கு அதனை இருபதாண்டுக் காலம் பயன்படுத்தியது. 2018இல் பணியிலமர்த்தப்பட்ட அந்நாட்டு நீர்மூழ்கிக் கப்பலான ‘கொலராடோ’வின் மேல்நோக்குக் கருவியை இயக்க, கடையில் விற்கும் ‘எக்ஸ்பாக்ஸ்’ விளையாட்டுப் பிடியே வைக்கப்பட்டது. படையில் சேரும் இளைஞனின் கை அதற்கு முன்னமே பழகியிருக்கிறது என்பதே காரணம். உக்ரைனில் நடைபெற்றதோ இவை அனைத்தையும் கடந்தது. அங்குச் சிறு ஆளில்லா விமானங்களை இயக்கும் படைப்பிரிவுகள், தாம் அழித்த இலக்கினைக் காணொளியால் மெய்ப்பித்தால் அதற்குப் புள்ளிகள் பெறும் முறை 2024இல் தொடங்கிற்று. அப்புள்ளிகளைக் கொடுத்து இணையச் சந்தையில் புதிய விமானங்களை வாங்கிக்கொள்ளலாம். டாங்கிக்கு ஒரு மதிப்பு, மனிதனுக்கு ஒரு மதிப்பு. எதிரியை உயிருடன் சிறைபிடிப்பதற்குக் கொல்வதைவிடப் பன்மடங்கு அதிகப் புள்ளி என்று பின்னர் வகுத்தார்கள். தன்னிலும் பெரியதொரு நாட்டின் படையெடுப்பால் நெருக்குண்ட மக்கள் கையாளும் வழி இது என்பதை மறக்கலாகாது. எனினும் கைதியின் உயிருக்கும் விலைப்பட்டியல்தான் காவலாக நிற்கவேண்டியதாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் இவற்றிலிருந்து நாம் அவசரமாகச் செய்யும் அனுமானம், அதாவது திரை வழியே கொல்பவன் எதனையும் உணர்வதில்லை என்பது, நிற்கவில்லை. அமெரிக்கப் படையின் உடல்நலக் கண்காணிப்பு மையம் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஆளில்லா விமானத்தை இயக்குவோர்க்கும் விமானத்தில் ஏறிப் பறப்போர்க்கும் மனச்சோர்வு, பதற்றம் முதலிய உளநோய்கள் ஏறக்குறைய ஒரே அளவிலேயே காணப்படுவதாகக் கூறிற்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. குண்டுவீசும் விமானி நொடிப்பொழுதில் கடந்து போகிறான். வீழ்ந்ததை அவன் காண்பதில்லை. திரையின்முன் இருப்பவனோ ஒரே வீட்டை நாள்கணக்காகப் பார்க்கிறான். அவ்வீட்டுக் குழந்தைகள் எப்பொழுது வெளியே வருகின்றனர், தகப்பன் எப்பொழுது புகைபிடிக்கிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தாக்கிய பின்னரும் அங்கேயே சுற்றிநின்று, யார் யாரைத் தூக்கிச் செல்கிறார்கள் என்பதை எண்ணவேண்டியது அவன் கடமை. முறைநேரம் முடிந்ததும் நெவாடா மாநிலத்துப் பாலைவனச் சாலையில் காரோட்டிக்கொண்டு வீட்டிற்குப் போய்த் தன் பிள்ளைகளுடன் உணவருந்துகிறான். அவன் மனச்சான்று மரத்துவிட்டது என்று கூறுவது எளிது. அவனுக்கு நாம் இழைக்கும் அநீதியும் ஆகலாம். சிக்கல் அவன் உணர்வதில்லை என்பதிலன்று. உணர்ந்தும், அத்தனை நெருக்கத்தில் கண்டும், தவறாகக் காண்கிறான் என்பதே.

2010 பிப்ரவரி 21ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்தின் உருஸ்கான் மாகாணத்தில் நிகழ்ந்ததனைச் சான்றாகக் கொள்ளலாம். விடியுமுன் மூன்று வண்டிகளில் புறப்பட்ட பயணிகளை நெவாடாவிலுள்ள கிரீச் தளத்திலிருந்த குழுவினர் ஆளில்லா விமானத்தின் கண்ணால் மூன்று மணி நேரத்திற்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தனர். பார்க்கப் பார்க்கப் பகைவராகவே தெரிந்தனர். குழந்தைகள் இருக்கக்கூடும் என்று ஒருவர் கூற, அச்சொல் உரையாடலில் கைமாறிச் சென்று சற்றே வளர்ந்த இளைஞர் என்றாயிற்று. பயணிகள் வழியில் இறங்கித் தொழுதனர். அத்தொழுகையும் அவர்கள் எதிரிகள் என்பதற்கு அடையாளமாக எண்ணப்பட்டது. இறுதியில் ஹெலிகாப்டர்கள் வந்து சுட்டன. பெண்கள் தங்கள் துணிகளை வீசிக் காட்டிய பின்னரே திரையின்முன் இருந்தவர்களுக்கு ஐயம் பிறந்தது. இறந்தவர் 23 பேர் என ஊர்ப் பெரியவர்கள் கூறினர். படையின் விசாரணையே அக்குழுவினர் தந்த தகவல் பிழையானது எனக் கண்டது. வழிபாட்டை நடத்துவோராகிய நாம் இந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கடந்துபோக முடியாது. நிலத்தில் நெற்றி படிய விழும் மனிதனை மேலிருந்து பார்த்தவர்களுக்கு, அவன் யாரிடம் என்ன வேண்டுகிறான் என்பது கேட்கவில்லை.

அம்மையாரைப்பற்றி இப்பொழுது கூறுகிறேன். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் திருமணம் நடத்தச் சென்றேன். மணமக்கள் ஆலய முற்றத்தில் நின்றபொழுது, படமெடுக்க வந்த இளைஞர் சிறியதொரு ஆளில்லாக் கேமராவை வானில் ஏற்றினார். இக்காலத்தில் எந்தத் திருமணத்திலும் காணும் காட்சிதான். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தனர். மணமகளின் பெரியம்மா, கிளிநொச்சியிலிருந்து திருமணத்திற்கென வந்திருந்தவர், அருகிலிருந்த சிறுவன் ஒருவனை இழுத்துக்கொண்டு ஓட்டுச்சாய்ப்பின் கீழே போய்ச் சுவரோடு ஒட்டி அமர்ந்துவிட்டார். அவர் வானத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் அருகே சென்று, அம்மா, அது படமெடுக்கும் கருவிதான் என்றேன். “தெரியும் ஐயா. வண்டின்ர சத்தம். சத்தம் கேட்டால் உடம்பு தானாப் போயிடும்” என்றார்.

வண்டு என்பது வன்னி மக்கள் இட்ட பெயர். இலங்கை விமானப்படை 1996 முதலாக இஸ்ரேலில் செய்த ஆளில்லா விமானங்களைக் கையாண்டது. இறுதிப் போரின்போது அவை வன்னி வானில் இரவும் பகலும் சுற்றின. அவை குண்டு ஏந்தியவை அல்ல. அவை பார்த்தன, பார்த்ததை உடனுக்குடன் திரையில் இட்டன, அதன்பின்னர்ப் பீரங்கியோ கிபீர் விமானமோ வந்தது. ஆகவே மக்களுக்கு வண்டின் இரைச்சல் முன்னறிவிப்பாயிற்று. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உயரம். காதில் மட்டும் ஓயாத ரீங்காரம். காசா மக்களும் தங்கள் தலைமேல் சுற்றுவதனை அரபு மொழியில் ‘ஸனானா’ என்றே அழைக்கின்றனர். அதுவும் இரைச்சலினால் வந்த பெயரே. ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள், ஒரே பொருளுக்குக் கண்ணால் அன்றிக் காதால் பெயரிட்டிருக்கின்றனர்.

இப்பெயரில் ஒரு முழு விளக்கமே அடங்கியுள்ளது என்று நான் எண்ணுகிறேன். மேலே இருப்பது காண்கிறது, கேட்பதில்லை. அதன் காணொளியில் நிலத்தின் ஒலி இல்லை. கீழே இருப்பவர் கேட்கின்றனர், காண்பதில்லை. கண் ஓரிடம், காது ஓரிடம் என்று ஒரே நிகழ்ச்சி இரண்டாகப் பிளக்கப்பட்டிருக்கிறது. அழுகை, ஜெபம், குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தல், சரணடைகிறோம் என்னும் கூக்குரல் ஆகிய யாவும் அப்பிளவில் விழுந்து மறைகின்றன. விளையாட்டுத் திரைக்கும் போர்த்திரைக்கும் உள்ள மெய்யான ஒப்புமை இதுவே. விளையாட்டில் திரையினுள் உலாவும் உருவத்திற்கு வெளியே இருப்பவனிடம் சொல்லத்தக்கது ஏதுமில்லை. அது விளையாட்டின் குற்றமன்று, இயல்பு. போரில் அவ்வுருவத்திற்குச் சொல்ல ஓராயிரம் உண்டு. ஆனால் அவனும் சொல்லற்ற உருவமாக்கப்படுகிறான்.

2009இன் முதல் ஐந்து மாதங்களில் நடந்தவை ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கையில் 2011இல் பதிவாயின. மர்சுகி தருஸ்மான், யாஸ்மின் சூக்கா, ஸ்டீவன் ரட்னர் ஆகிய மூவர் குழு அது. அரசு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மே மாதத்திலுமாக மூன்று முறை போரற்ற வலயங்களை அறிவித்தது; மூன்றின்மேலும் எறிகணைகள் விழுந்தன. முன்னரங்கிலிருந்த மருத்துவமனைகள், அவற்றின் இருப்பிடம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், தாக்கப்பட்டன. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட இயலாது என அக்குழு எழுதிற்று. விடுதலைப் புலிகள் மக்களைத் தம்முடன் தடுத்து வைத்ததையும், தப்பியோட முயன்றோரைச் சுட்டதையும், சிறாரைப் படையில் சேர்த்ததையும் அதே அறிக்கை குற்றமாகப் பதிந்துள்ளது. முன்னதை மட்டும் படித்துப் பின்னதை மறைப்பது நம்மவர் பலருக்குப் பழக்கம். இப்பக்கங்களில் அது கூடாது. வானிலிருந்து நிகழ்நேரப் படங்கள் படையிடம் இருந்தன. அதே காலத்தில் அரசு இப்போரை மனிதாபிமான நடவடிக்கை என்றும், பொதுமக்களில் ஒருவரும் சாகாதிருப்பதே தன் கொள்கையென்றும் உலகுக்கு அறிவித்தது. ஏப்ரல் 20ஆம் நாள் புதுமாத்தளனில் மண்ணணை உடைந்து மக்கள் வெள்ளமென வெளியேறியபொழுது, மேலிருந்து எடுத்த காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாயிற்று. எறும்புச் சாரைபோல் ஊர்ந்த அக்கூட்டத்தை நம்மில் பலர் இங்கிருந்து கண்டோம். அதில் ஒரு குரலும் இல்லை. அம்மையார் அந்த எறும்புகளுள் ஒருவர். அவர் கூறித்தான் இது எனக்குத் தைத்தது: நானும் அன்று வண்டின் கண்ணால் பார்த்தவனே.

கண் எத்துணைக் கூர்மையானதாயினும் காண்பதற்குப் பொருள் கூறுவது கண்ணன்று. 2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மேல் விமானங்கள் குண்டு வீசின. பயிற்சிக்கென வந்திருந்த இளம்பெண்கள் பலர் மாண்டனர். தாம் கண்காணித்துவந்த புலிகளின் பயிற்சி முகாம் அது என்றது அரசு. அங்கே சென்று பார்த்த யுனிசெஃப் பணியாளரும் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினரும் படைமுகாமுக்குரிய அடையாளங்களைக் காணவில்லை என்றனர். மாணவியரைக் கண்டதாக யுனிசெஃப் கூறிற்று. மேலிருந்து பார்த்தவர்க்கு வரிசையாக நிற்கும் பெண்கள். அருகே சென்றவர்க்குப் பள்ளிச் சீருடையும் காயமும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் கிரெகுவார் சமாயூ 2013இல் வெளியிட்ட ‘ட்ரோன் கோட்பாடு’ என்னும் நூல் இத்துறையில் இன்றும் முதன்மையானது. ஆங்கிலப் பெயர்ப்பும் உண்டு. இறையியல் மாணவர் அதனைக் கட்டாயம் படிக்கவேண்டும். போர் என்பது இருவர் ஒருவரையொருவர் எதிர்கொள்வது. ஒருவன் மட்டும் இடருறாமல் மற்றவனைத் துரத்துவானாயின் அது வேட்டையே என்பது அவர் வாதம். கொல்லப்படக்கூடியவனாய்த் தானும் நிற்பதனால் போர்வீரனுக்குக் கிடைத்திருந்த அறவுரிமை இங்கே கரைந்துபோகிறது என்கிறார். காணப்படாமல் காண்பது கொல்லுவதை எளிதாக்குகிறது என்பதையும் நுட்பமாகக் காட்டுகிறார். வலிமையான வாதம்தான், ஆயினும் இரண்டிடங்களில் எனக்கு நிறைவில்லை. இடரின்றிக் கொல்வதே குற்றமெனின், கவணும் வில்லும் பீரங்கியும் அதே குற்றத்தின் படிகளே. கோலியாத்தை வீழ்த்திய தாவீதும் தொலைவிலிருந்தே எறிந்தான். ஆனால் அங்கே கல் பறப்பதற்குமுன் சொல் பறந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர், ஏசினர், மறுமொழி கூறினர். தொலைவன்று பொருள், மறுமொழிக்கு இடமின்மையே பொருள். இரண்டாவது, சமாயூவின் நூலில் நடுநாயகமாக நிற்பது ஏவுகணை தாங்கிய அமெரிக்க விமானம். அதில் கண்ணும் கையும் ஒன்றே. வன்னியில் கண் வேறு, கை வேறு. வண்டு யாரையும் கொல்லவில்லை என அதனை இயக்கியவன் கூறலாம். பீரங்கிப் படையினன் தான் எவரையும் காணவில்லை எனக் கூறலாம். இருவரும் உண்மையே சொல்லுவர். அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே மக்கள் இறந்தனர்.

திரைப்படங்களில் ‘ஐ இன் த ஸ்கை’ (2015) நம் கல்லூரிகளில் அறவியல் வகுப்புகளுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. நைரோபியில் ஒரு வீட்டில் தற்கொலைத் தாக்குதலுக்கு ஆயத்தம் நடைபெறுகிறது. அதன்மேல் ஏவுகணை வீசப் பிரித்தானியத் தளபதியர் முனைகின்றனர். அவ்வீட்டின் மதிலோரம் ஒரு சிறுமி ரொட்டி விற்க அமர்கிறாள். அவள் சாவதற்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று கணக்கிடுகின்றனர். கணக்கு விரும்பியபடி வரும்வரை திருத்துகின்றனர். படம் திறமையானது. ஆனால் அது நம்மை ஏமாற்றுகிறது. சிறுமியின் பெயர், அவள் வளையம் சுழற்றி ஆடும் ஆசை, தகப்பன் அவளுக்கு மறைவாகக் கல்வி கற்பிப்பது ஆகிய எல்லாவற்றையும் தரையில் இறங்கி, வீட்டினுள் புகுந்து நமக்குக் காட்டிவிடுகிறது. அதன்பின்னரே நம்மிடம் தீர்ப்புக் கேட்கிறது. திரையின்முன் இருந்த விமானிக்கு இவற்றுள் பெரும்பாலானவை தெரியாது. இரண்டும் இரண்டும் கூட்டினால் எவ்வளவு என்ற அளவிலேயே அறம் நிற்பதாக மாணவர் எண்ணி எழுந்து வருவர். நான் இருந்த ஒரு வகுப்பில் அவ்வாறே நடந்தது. ஆசிரியர் கரும்பலகையில் இருபக்கமும் உயிர்களை எண்ணி எழுதினார்!

படத்தின் மெய்யான அறச்செயல் எவரும் கவனியாத ஒரு மூலையில் நடக்கிறது. அந்நகரிலிருக்கும் உளவாளி ஒருவன், வண்டு வடிவிலான சிறு கருவியை அவ்வீட்டினுள் பறக்கவிட்டுப் பார்ப்பவன், ஆம், வண்டேதான். சிறுமியை எவ்வாறு விலக்குவது என்ற வினா எழுந்தபொழுது, கருவியை விட்டுவிட்டு, பகைவரின் தெருவில் தானே நடந்துபோய், அவளிடம் விலைபேசி, இருந்த ரொட்டி முழுவதையும் வாங்கிவிடப் பார்க்கிறான். அவ்வாறு சென்றதனால் அடையாளம் காணப்பட்டு உயிர்தப்ப ஓடுகிறான். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் கண்டான், லேவியனும் கண்டான். சமாரியன் மட்டும் அருகே சென்று பணமும் செலவழித்தான். படத்தை வகுப்பில் காட்டுவோர் விழுக்காட்டுக் கணக்கை விட்டு, இந்த மனிதனிடமிருந்து தொடங்கலாம்.

திருமறையில் இப்பொருளுக்கு நெருங்கியது 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம். விபசாரத்தைப்பற்றிய பாடமாகவே நாம் அதனைப் பெரும்பாலும் வாசிக்கிறோம். அதன் தொடக்கம் போரைப்பற்றியது. அரசர் போருக்குப் புறப்படும் காலத்தில் தாவீது மட்டும் எருசலேமில் தங்கிவிடுகிறான். உப்பரிகையில் உலாவுகிறான். மேலிருந்து பார்க்கிறான், பார்க்கப்படுபவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் ஒரு சொல்லும் பேசுமுன் அழைத்து வரப்படுகிறாள். பின்னர் ஒரு கடிதத்தால் உரியா கொல்லப்படுகிறான். தாவீது வாள் எடுக்கவில்லை. யோவாபு கடிதத்திற்குக் கீழ்ப்படிந்தான். எய்தவர் அம்மோனிய வில்லாளர். கடிதத்தைச் சுமந்து சென்றவனோ உரியாவே. கண் வேறு, கை வேறு. உரியாவுடன் வேறு சில வீரரும் மாண்டனர். அவர்கள் பெயர் கூட எழுதப்படவில்லை. செய்தி வந்தபொழுது தாவீது, போரில் இவ்வாறு நேர்வது இயல்பே என்னும் பொருள்பட யோவாபுக்கு ஆறுதல் அனுப்புகிறான். நம் காலத்துப் படைத்துறை அறிக்கைகளில் இதே தொனியைக் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 29இல் காபூலில் அமெரிக்க ஆளில்லா விமானம் தாக்கியதில் தொண்டு நிறுவன ஊழியர் ஒருவரும் அவர் குடும்பத்தினருமாகப் பத்துப்பேர் மாண்டனர், எழுவர் குழந்தைகள். மூன்று வாரம் நெருங்கும்வரை அது நேர்மையான தாக்குதலென்றே கூறப்பட்டது. அதன்பின்னரே தவறென ஒப்புக்கொண்டனர். அவர் வண்டியில் ஏற்றிய தண்ணீர்க் கலங்கள் வெடிமருந்தாகத் தெரிந்திருந்தன.

நாத்தான் என்ன செய்தான் என்பது திறனாய்வாளரும் அருள்பணியாளரும் ஊன்றிப் பார்க்கத்தக்கது. கட்டளையை ஓதிக் கண்டிக்கவில்லை. ஓர் ஏழையின் வீட்டினுள் அரசனை அழைத்துச் சென்றான். அங்கே ஆட்டுக்குட்டி எந்தக் கலத்தில் தண்ணீர் குடித்தது, எவர் மடியில் தூங்கியது என்று கூறினான். உப்பரிகையிலிருந்து தெரியாதவை இவை. தாவீது சினந்தெழுந்தது அந்த வீட்டின் உள்ளேயிருந்துதான். யாத்திராகமத்தில் ஆண்டவர் எகிப்தில் தம் மக்களின் துன்பத்தைக் கண்டார் என்பதுடன் அவ்வசனம் நிற்பதில்லை. கூக்குரலைக் கேட்டார், இறங்கினார் என்று தொடர்கிறது. ‘கடவுளின் கண்’ போன்றது ட்ரோன் என்று எழுதுவோர் அவ்வசனத்தின் முதற்சொல்லோடு நின்றுவிடுகின்றனர்.

இவையெல்லாம் அயல்நாட்டுப் பாவங்கள் என்று நம்மில் எவரும் எண்ணவேண்டாம். அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2020 முதல் இரண்டு அமெரிக்க ஆளில்லா விமானங்கள் குத்தகை முறையில் இந்தியப் பெருங்கடலைப் பார்த்து வந்தன. அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த மாதமே, ஏவுகணை தாங்கவல்ல 31 விமானங்களை வாங்க நம் அரசு ஒப்பந்தம் செய்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் பலர் இத்தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கின்றனர். எங்கள் பகுதியில் மக்காச்சோளத்திற்கு மருந்து தெளிக்கவும் ட்ரோன் வந்துவிட்டது. வாலிபர் ஐக்கியத்துப் பையன் ஒருவன் அதனை ஓட்டும் பயிற்சிக்குப் போகிறான், சம்பளம் நல்லதாம். அவனைத் தடுக்க எனக்கு மனமில்லை, காரணமும் இல்லை. அவன் கட்டைவிரல் பழகியிருப்பது பாவமன்று. நாளை அதே பிடியை வேறொருவர் அவன் கையில் கொடுக்கும்பொழுது, கீழேயிருப்பது என்ன பேசுகிறது என்று கேட்கும் பழக்கம் அவனுக்கு இருக்குமா என்பதுதான் என் கவலை. விளையாடாதே என்று மே மாதத்தில் நான் செய்த பிரசங்கம் அதற்கு ஒன்றும் உதவவில்லை.

ஆகையால் அம்மையார் ஊர் திரும்புமுன் ஒரு ஞாயிறு மாலை அவரை ஆலங்குளத்திற்கு அழைத்து வந்தேன். வாலிபர் பதினைந்து பேர் இருந்திருப்பர். அவர் நெடுநேரம் பேசவில்லை. பதுங்குகுழி வெட்டுவது எப்படி, மணலில் வெட்டினால் எவ்வாறு சரிந்துவிடும், கஞ்சிக்கு வரிசையில் நிற்கையில் சத்தம் கேட்டால் வரிசை எவ்வாறு கலையும் என்பவற்றையே கூறினார். மருந்து தெளிக்கப் பழகும் அந்தப் பையன்தான் கேட்டான்: அம்மா, மேலே இருந்தவர்களுக்கு நீங்கள் சண்டைக்காரர் இல்லையென்று எப்படித் தெரியவைப்பீர்கள்?

அவர் அவனைச் சற்று நேரம் பார்த்தார். “வெள்ளைச் சீலை கிழிச்சுத் தடியில கட்டி நட்டனாங்கள், தம்பி. பங்கருக்கு மேல. வண்டு வந்து வந்து பார்த்துக்கொண்டுதான் நிண்டது.”